பஸ் போகிற வரிசையில் தம்பியின் காகிதங்கள்

எங்கள் தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தக்காரர்களுக்கும், சந்தை நாளில் அவரைத் தேடி வந்து பழகிய மலை ஜனங்களுக்கும் அக்கா எழுதுகிறேன். நான் மூணாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நாலு நாள் ஆயிற்று. மலரில் "அவர்" என்று மரியாதையாக எழுத வேண்டுமாம், தம்பி மகன் சொன்னான். அப்படியே எழுதுகிறேன். தம்பி இருந்தால், "யாருக்கா அந்த அவரு?" என்று கேட்டிருப்பார்.

படவேட்டுக்குப் பக்கத்தில், கரும்பும் நெல்லும் விளைகிற ஊரில் பிறந்தோம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவும் நானும் கரும்பு வெட்டப் போனோம், தம்பி பள்ளிக்கூடம் போனார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெருமைதான். பத்தாவது முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு ஏறி வந்தார். வீட்டு முன்னறையில் மேசை போட்டு மனு எழுத உட்கார்ந்தார். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா, எதுவானாலும் ஜனங்கள் அவரிடம்தான் வந்தார்கள். எழுதியதைப் படித்துக் காட்டாமல் யாரிடமும் ரேகை வாங்க மாட்டார். "ரேகை வெக்கிறவங்களுக்குக் காதுதான் கண்ணு" என்பார்.

ஆனால் அந்த அறை இருந்த கோலத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மலர் பொய்யாகிவிடும். ஆளுக்கு ஒரு காகிதக் கட்டு, கட்டுக்கு ஒரு சணல் கயிறு. நாற்காலி மேலே கட்டு, பிரிண்டருக்கு அடியில் கட்டு, சாமை மூட்டை மேலேயும் கட்டு. தம்பி மனைவி காலமான பிறகு சமைத்துப் போட நான் வந்தேன். துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனால், "அக்கா, தொடாதே, எல்லாம் எனக்குத் தெரியும்" என்பார்.

எல்லாம் தெரியவில்லை. நெல்லிமேட்டுப் பூங்காவனத்தின் பட்டா காணாமல் போயிருந்தது. அவள் புருஷன் காளி இறந்த பிறகு, பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற அசலையே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இரண்டு வருஷமாகச் சந்தைக்குச் சந்தை வருவாள், வாசல்படியில் உட்கார்ந்து நான் தருகிற டீயைக் குடிப்பாள்.

"சார், என் கடுதாசி?"

"அடுத்த சந்தைக்கு, பூங்காவனம்."

"எந்த வருசத்து சந்தை சார்?"

தம்பி சிரிப்பார். அவள் போனதும் சாப்பிட மாட்டார். நகல் கேட்டு மனு போடலாம் என்று மகன் சொன்னதற்கு, "என்னை நம்பி அசலைக் குடுத்தாங்கடா" என்றார்.

பிறகு தம்பிக்கு இருதயம் பலவீனமாகி, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் இருந்த கட்டிலை முன்னறையில்தான் போட வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே! தம்பி மகன் வேலூரிலிருந்து லீவு போட்டு வந்து, இரும்பு அலமாரி வாங்கி, எல்லாக் கட்டையும் பேர் வாரியாக அகர வரிசையில் அடுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம் மலையில் காளி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தச் சந்தை நாளில் ஒரு வெள்ளையன் கட்டை இன்னொரு வெள்ளையன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். தம்பி கட்டிலில் படுத்தபடியே, "டேய், இது கம்பெனி இல்லடா, மலை" என்றார்.

நான் சொன்னேன், "பஸ் போற வரிசையில அடுக்கலாம்டா. அடிவாரத்து ஊரெல்லாம் கீழ்த்தட்டு, மேல போகப் போக மேல்தட்டு. எந்த ஸ்டாப்பிங்னு கேட்டா போதும்."

"செய்க்கா. உன் மலை, உன் பஸ்" என்றார்.

ஊர்ப் பேரை மகன் படித்துச் சொல்லுவான், நான் தட்டில் வைப்பேன். அவன் வேலூர் போன பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் என் ஆயுசு போதாது. அதனால் கட்டை அவிழ்த்து, உள்ளே இருக்கிற சின்ன போட்டோ ஒன்றை எடுத்து மேலே ஒட்டினேன். முகம் தெரிந்தால் எனக்கு ஆள் தெரியும். ஒன்பது நாள் அந்த வேலைதான்.

ஆறாம் நாள் ஆலங்கொல்லைக் காளி கட்டை அவிழ்த்தேன். அவருக்கு நரைத்த மீசை. நடுவில் இருந்த காகிதத்திலோ புருஷன் பெண்சாதி சேர்ந்த படம். அந்த அகலமான மூக்குத்தியை நான் வாராவாரம் பார்க்கிறேனே!

"தம்பி, இது நம்ம பூங்காவனம்தானே?"

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். வாங்கிப் படித்தார், புருஷன் பெண்சாதி படம் ஒட்டி சர்க்கார் கொடுத்த அந்தப் பட்டாவேதான். "எங்க இருந்துக்கா எடுத்தே?"

"ஆலங்கொல்லைக் காளி கட்டுல."

மகன் தலையைச் சொறிந்தான். "அந்தக் கட்டை நானும் பார்த்தேன் அத்தே. காளின்னு போட்டிருந்துச்சு, காளி கட்டுதானேன்னு வெச்சுட்டேன்."

"நாம ரெண்டு பேரும் பேரைப் படிச்சோம்டா. அக்கா ஆளைப் பார்த்துட்டா" என்றார் தம்பி. அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சந்தை நாளன்று முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூங்காவனம் வந்ததும் இரண்டு கையாலும் பட்டாவைக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மன்னிப்பு கெடக்கட்டும் சார். இனிமே இன்னா சாக்கு சொல்லி நான் அக்காகிட்ட டீ குடிக்க வர்றது?"

இருமல் வருகிற வரைக்கும் தம்பி சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று சந்தைதான் பார்த்தார். ஒரு காலையில், நான் காய்ச்சி வைத்த கஞ்சி ஆறுவதற்குள், ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டார். படுத்திருந்த இடத்தில் ஒரு காகிதம்கூடச் சிதறிக் கிடக்கவில்லை.

மருந்தை வாரம் தவறாமல் மேலே கொண்டுவந்து தந்த பஸ் கண்டக்டருக்கும், ராத்திரி பகல் பாராமல் வந்து பார்த்த நர்சம்மாவுக்கும், துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், காரியத்துக்குச் சாமை மூட்டை சுமந்து வந்த பூங்காவனத்துக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு இருக்கும்.

இன்னும் முப்பதுக்கு மேல் கட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. உங்களுடையது இருந்தால் வாருங்கள். பேர் வேண்டாம், ஸ்டாப்பிங் சொன்னால் போதும், எடுத்துத் தருவேன். ஜமுனாமரத்தூர்த் தட்டில் ஓரமாக ஒரு கட்டு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மேலே தம்பி சிரிக்கிற போட்டோவை நான்தான் ஒட்டினேன். அது மட்டும் என்னிடமே இருக்கும்.