ஜெசிந்தா மேல் விழுந்த என் பிழை

செவ்வாய்க்கிழமை காலை, பஸ் சாணார்பட்டியைத் தாண்டியபோது அலுவலகக் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஜெசிந்தா போய்விட்டார். மாரடைப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அஞ்சலி எழுதிவிட்டீர்கள். எனக்குத்தான் கை வரவில்லை. அவர்மேல் ஒரு பழி இன்னும் நிற்கிறது, அது என்னுடையது. அதைச் சொல்லாமல் நான் எதை எழுதினாலும் பொய்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். திண்டுக்கல் மாடியறையில் உட்கார்ந்து ஒரு மருத்துவமனையின் பழைய ஜாவா மென்பொருளைப் பராமரித்தோம். அதில் இன்டர்ஃபேஸ் கோப்புகளை, அதாவது ஒரு பகுதியிடம் என்னென்ன கேட்கலாம் என்று சொல்லும் பட்டியல்களை, ஆட்கள் எழுதுவதில்லை. மூல நிரலைப் படித்து ஒரு கருவியே எழுதும். நிரலை ஓடும் மென்பொருளாக்க ஒவ்வொரு முறை பில்ட் போடும்போதும் பழையதை அழித்துப் புதிதாக எழுதும். மருந்துக்கான இன்டர்ஃபேஸ், ஒவ்வாமையைச் சோதிக்க நாங்களே எழுதிய இன்னொரு இன்டர்ஃபேஸை நீட்டித்து, அதிலுள்ள சோதனையையும் சேர்த்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. மூல நிரலின் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும், கருவி பார்த்துக்கொள்ளும். ஜெசிந்தா சொல்லிச் சொல்லி அலுத்தவர்: "மெசின் எழுதுற எடத்துல கைய வைக்காத முருகேசா. மெசின்கிட்டச் சொல்லிரு, அதுவா எழுதும்."

எனக்கு அவசரம், அதைவிடத் திமிர். கருவி எழுதிய கோப்பிலேயே கையால் திருத்தினேன். என் கணினியில் ஓடியது. சோதித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஜெசிந்தா முறைப்படி புதிதாக பில்ட் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பினார். என் திருத்தம் அழிந்துபோனது. பில்டில் ஒரு பிழையும் காட்டவில்லை.

பத்தரை மணிக்கு மருத்துவமனை மருந்தகத்திலிருந்து ஜெசிந்தாவுக்குப் போன்.

"மேடம், ஒத்துக்காத மருந்தான்னு பாக்குற எடத்துல அப்படியே நின்னுருது. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. சீட்டைப் பாத்துக் குடுத்துரவா?"

"குடுத்துராதீங்க. ஒரு மாத்திரைகூடக் குடுக்காதீங்க. செத்த நேரம் பொறுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போனுக்குள் ஒரு பெண் கத்துவது கேட்டது: "பிள்ளைக்கு ஊசி மருந்துய்யா, எம்புட்டு நேரம் நிக்கிறது?" ஜெசிந்தா என் கோப்பையும் சர்வரில் இருந்த கோப்பையும் அருகருகே திறந்தார். என்னுடையதில் இருந்த இரண்டு சொற்கள் அங்கே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். மூல நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி பில்ட் போட்டார். அது முடியும்வரை அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். "ஓடுது மேடம்" என்று போனில் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

மேலாளர் வந்தார். "பில்ட் போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றார் ஜெசிந்தா.

அது உண்மை. மிச்ச உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான். கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே மருத்துவமனை வேலையை அவரிடமிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். போன் வந்த அன்று மதியச் சாப்பாட்டில் அவர் வழக்கம்போல, தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்கித் தின்றேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மேலாளர் என் காதருகே, "நல்ல பொண்ணு. அந்த ஆஸ்பத்திரி விசயத்துலதான் சறுக்கிருச்சு" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று ரெட்டியார்சத்திரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே வீட்ல சொல்லிட்டா. ஆபீசுக்கே வந்து கேக்குறேன்னு நான்தான் குதிச்சேன். 'வேணாங்க, முருகேசனே சொல்லுவான், பாருங்க'ன்னுட்டா. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நீங்க வந்துட்டுப் போனதும் கேப்பேன், சொல்லிட்டாரான்னு. 'இன்னும் இல்ல'ன்னு சிரிப்பா."

என்மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கையைத்தான் ஜெசிந்தா எனக்கென்று விட்டுப்போயிருக்கிறார். இந்தப் பக்கத்தை முதலில் மேலாளருக்கு அனுப்பினேன். அடுத்து உங்களுக்கு.

சொல்லிட்டேன் ஜெசிந்தா.