அனியைப் போல ஒரு பிள்ளை கேட்டேன்

ஆண்டவருக்குள் என் அன்பான சகோதர சகோதரிகளே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. என் வீட்டில் அவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நான் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வகுப்பில் பெஞ்சு மேல் ஏறுவாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவாள். கோபம் வந்தால் கடிப்பாள். ரோட்டில் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். மதியம் போன் அடித்தால் பள்ளிக்கூடம்தான். "இன்னிக்கும் ஒரு புள்ளைய கடிச்சிட்டா. வந்து கூட்டிட்டுப் போங்க."

இதைக்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் மாடியில் அனி இருந்தாள்.

அனி என் கொழுந்தனார் மகள். ஷெரினும் அவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அனி மாதா சுரூபம் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். என் மகள் பீடத்துப் படிவரை ஓடிவிடுவாள். பூசை முடிந்ததும் பெண்களெல்லாம் அனியின் அம்மா லில்லியைச் சூழ்ந்துகொள்வார்கள். "புள்ளய எப்படிம்மா இப்படி வளத்த?" அப்படியே என் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் கண்டிச்சி வை ஜெசி" என்பார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரியும். கொடியில் காயும் அனியின் சாக்ஸ் வெள்ளையாக இருந்தால் எரியும். ஷெரினின் சட்டையில் நான் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது லில்லி மேலே சீரியல் பார்க்கும் சத்தம் கேட்டால் எரியும். எல்லாவற்றையும்விட, பிள்ளை இருக்கிறதே தெரியாத அந்த மாடியின் அமைதி. அதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலைவலி வரும்.

ஜெபத்திலும் அதுதான் வந்தது. "ஆண்டவரே, லில்லி என்ன புண்ணியம் பண்ணினாள்? நான் என்ன பாவம் பண்ணினேன்? எனக்கும் அனியைப் போல ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கக் கூடாதா?"

ஷெரினின் டீச்சர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தைகள் மனநல டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார். வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"எம் பொண்ணு என்னா பைத்தியமா? இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்ல வரக் கூடாது."

அடுத்த வாரம் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் முழங்கால் போட்டு வாய்விட்டுக் கேட்டேன். "எம் புள்ளைக்கு என்னன்னு தெரியணும். அதுக்கு வேண்டிக்குங்க." எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். லில்லியும் கண்ணீர் விட்டாள். என் பிள்ளைக்காக இவளுக்கென்ன அழுகை, நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

தவக்காலம் வந்தது, போனது. என் கணவர் மனம் மாறவில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து, பிள்ளைச்சாவடியில் அவருடைய சிநேகிதர் வீட்டில், பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. எல்லோரும் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் ஷெரின் வாசலைத் தாண்டி மெயின்ரோட்டுக்கு ஓடினாள். லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டது. நான் கத்தினேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் ஓடிப்போய் அவளை வாரி எடுத்தார். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிரித்தாள். "லாரி ஏம்ப்பா நின்னுச்சி?" என்று கேட்டாள்.

அவர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இவளுக்கு பயமே தெரியல ஜெசி. இது சேட்ட இல்ல. வேற என்னமோ. டாக்டர பாக்கலாம்."

அதுதான் ஆண்டவர் கொடுத்த முதல் பதில். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் நான் திரும்பிப் பார்த்தேன். லில்லி வாசலில் நின்றிருந்தாள். அனி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இருந்தாள். அப்போதும் எனக்கு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. வரச் சொன்னார்கள், போனோம். மறுபடி வரச் சொன்னார்கள். டீச்சரிடமும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டுவேன்.

கடைசியில் ஒருநாள் அந்த டாக்டரம்மா ஷெரினிடம் கட்டைகளைக் கொடுத்து விளையாடவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"கிளாஸ்ல ஏன் கண்ணு அடிக்கடி எழுந்து எழுந்து போற?"

"தெரில. காலு போகுது." ஒரு கட்டையை அடுக்கிவிட்டு, "அப்புறம் அனிக்கு ஒண்ணுக்கு வரும். நாந்தான் மிஸ்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"அனி சொல்ல மாட்டாளா?"

"அவ ஸ்கூல்ல பேசவே மாட்டா. கோயில்லயும் மாட்டா. எங்காதுல மட்டும் சொல்லுவா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அனி யாரும்மா?"

சொன்னேன். அந்தக் குழந்தையையும் கூட்டிவரச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஷெரினுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்றார். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், மனதில் தோன்றியதைச் செய்யாமல் அடக்கவும் அவளால் மற்றப் பிள்ளைகளைப் போல முடியாதாம். "நீங்க வளத்ததுல கோளாறு இல்ல. அவளும் வேணும்னு பண்ணல. பழக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணலாம்" என்றார். நான் அந்த அறையிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை நாள் ஊரெல்லாம் என் தலையில் கட்டிய பழியை ஒருத்தர் இறக்கி வைத்தார்.

வண்டியில் திரும்பி வரும்போது எனக்குள் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அப்பாடா, லில்லி பிள்ளைக்கும் ஒரு குறை இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும். அதை எப்படிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தை அடுக்கினேன்.

போகிற வழியில் கோயிலில் இறங்கி நன்றி சொல்லப் போனேன். முழங்கால் போட்டதும் வழக்கமான ஜெபம் தானாக வாயில் வந்தது. "அனியைப் போல..." அதற்குமேல் வரவில்லை. நான் மாதக்கணக்கில் கேட்டது என்ன? ஒண்ணுக்கு வருகிறது என்றுகூடச் சொல்ல முடியாமல் பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை. அவளுக்காகப் பெஞ்சை விட்டு எழுந்தவள் என் மகள். அந்த மகளைத்தான் எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாடி ஏறி லில்லியிடம் மட்டும் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"உம் பொண்ணுக்கு ஒரு பேரு வெச்சிட்டாங்கன்னு எம் பொண்ணையும் சேக்கறியாக்கா?" கதவைச் சாத்திவிட்டாள்.

சில நாள் படியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிறகு ஒரு சாயங்காலம் அவளே கீழே இறங்கி வந்தாள். அடுப்பங்கரையில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஷெரின் சொன்னது நெசந்தாங்க்கா. வீட்ல பேசறா. வெளிய போனா வாயே தொறக்க மாட்டேங்கறா. எல்லாரும் நல்ல புள்ள நல்ல புள்ளன்னாங்க. நான் யார்கிட்ட போயி சொல்றது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கீழ ஷெரின் கத்தறது மேல கேக்கும். எம் பொண்ணு என்னிக்கி இப்படி கத்துவான்னு இருக்கும். ஒம் மேல எனக்கு அவ்ளோ பொறாம."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகத்தான் கூட்டிப் போகிறோம். பெற்றோருக்கு அங்கே சொல்லித் தருகிறார்கள். லீவு நாளில் என் கணவரும் வந்து உட்கார்ந்து கேட்கிறார். ஷெரின் கடிப்பதை விட்டுவிட்டாள். டீச்சர் அவளை முன்பெஞ்சில் வைத்து, நோட்டு கொடுக்கிற வேலையைத் தந்திருக்கிறார். அனிக்கு இருப்பது பயம்தானாம்; மருந்து எதுவும் கொடுக்கவில்லை, அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழக்குகிறார்கள். போன மாதம் வகுப்பில் "மிஸ்" என்று சத்தமாகக் கூப்பிட்டாளாம். மாடியில் கேசரி கிண்டினார்கள். எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. அவள் பிள்ளைக்கு இத்தனை சீக்கிரமா? அதையும் ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மேலே போய்க் கேசரி சாப்பிட்டேன்.

உங்களில் யாராவது பிள்ளையால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால், ஜெபம் பண்ணுங்கள், டாக்டரிடமும் போங்கள். அந்தக் கதவைத் திறந்து விடுகிறவரும் ஆண்டவர்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சத்தமே போடாத பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை விசாரியுங்கள்.

போன ஞாயிறு ஷெரின் பிரசங்கம் முடியும்வரை என் மடியில் இருந்தாள். முடிந்ததும் எழுந்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே நன்றி சொன்னேன். ஆண்டவர் காதில் விழுந்திருக்கும்.