கயிறு அறுத்தவர்

கல்லூரியில் சேர, கணக்கு நுழைவுத் தேர்வு எழுத என் மகளைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் சோதனை செய்தவர் ஒல்லியான ஆள். கையில் கத்தரிக்கோல். தீர்த்தமலைக் கோயிலில் வேண்டி மகள் கையில் கட்டிய கயிற்றை அறுத்துக் கூடையில் போட்டார்.

"கணக்குக்குக் கயிறு எதுக்கும்மா? மூளைய நம்பிப் போ." எல்லாரிடமும் அதையேதான் சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மணிக்கட்டில் புதுக் கயிறு இருந்தது.

"உங்களுக்கு மட்டும் எதுக்குங்க?" என்றேன்.

குரலைத் தணித்தார். "எம்பொண்ணு சேலத்துல இதே பரீட்ச எழுதுறா. அங்கயும் அறுத்துருவாங்கல்ல? அதான் அவளுக்குப் பதிலா நான் கட்டிக்கிட்டேன்."

கூடையை என் பக்கம் தள்ளினார். மகளின் கயிற்றைத் தேடி எடுத்தேன். என் கைக்கு நீளம் போதவில்லை. கூடையிலிருந்த இன்னொரு கயிற்றை ஒட்டுப் போட்டு அவரே கட்டிவிட்டார்.

அது யார் பிள்ளையின் வேண்டுதலோ, தெரியாது.