ஸ்டெபிலைசருக்குப் போர்த்திய துணி

இன்று கே.கே. நகர் பஸ்ஸில் இரண்டு ஐ.டி. இளைஞர்கள், புது ஆப்பில் எதைச் சேர்ப்பது என்று வாதாடிக்கொண்டே வந்தார்கள். எண்பதுகளில் மதுரையில் நான் விற்பனை பார்த்த ஸ்டெபிலைசர் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது.

டி.வி.க்கான புது மாடல். தீபாவளிக்குள் கடைக்குப் போக வேண்டும்.

"முன்னாடி வோல்டேஜ் காட்டுற மீட்டர் வேணும்ணே. அதப் பாத்துத்தான் வாங்குவாக" என்றேன்.

"வெல ஏறிப்போகும்யா" என்றார் முதலாளி.

எங்கள் இன்ஜினியர் கோமதி மேடம், மீட்டர் வைத்த மாடலோடு என்னைச் செல்லூரில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

"உங்க டி.வி.க்கு மாட்டிப் பாருங்கக்கா" என்று கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.

அந்த அக்கா மாட்டினார். பிறகு ஒரு பூவேலைத் துணியை எடுத்துவந்து, டி.வி.க்குப் போட்டது போலவே அதற்கும் முன்னால் தொங்கும்படி போர்த்தினார்.

"தூசி அடையுமுல்ல!"

மீட்டர் மறைந்தது. சூடு வெளியேற மேலே வைத்திருந்த ஓட்டைகளும் மறைந்தன. பெட்டி சூடேறிவிடுமே என்று துணியை எடுக்கக் கை நீட்டினேன்.

மேடம் சிரித்தார். "துணி இருக்கட்டும்க்கா. நாங்க ஓட்டைய மாத்திக்கிறோம்."

அசந்துபோனேன். இன்றுவரை அந்த வியப்பு தீரவில்லை.

தீபாவளியை விட்டுப் பொங்கலுக்குத்தான் விற்றோம். ஓட்டைகள் பின்பக்கம், மீட்டர் கிடையாது. சூடாகி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சரி, உங்களில் ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருப்பவர்கள் யார் யார்? கை தூக்குங்கள்.