சின்ன அத்தைக்கு ஒரு ரத்தக்குழாய்

இதய மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் அவரைப் பேர்க்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். படம் எடுப்பது இயந்திரம், நோயைச் சொல்வது டாக்டர். நடுவில் உட்கார்ந்து, திரையில் தெரியும் ஒவ்வொரு ரத்தக்குழாய்க்கும் பேர் ஒட்டுவது இவர் வேலை. பெரிய குழாய்களில் தொல்லை இல்லை, ஊரறிந்த பேர் இருக்கிறது. அவற்றிலிருந்து பிரியும் சில்லறைகளுக்குத்தான் முதல் கிளை, இரண்டாம் கிளை என்று வெறும் எண். நூல் கனத்தில் கிடக்கும் ஒன்றை டாக்டர் கணக்கில் சேர்த்துக்கொள்வார், இவர் விட்டுவிடுவார். அவ்வளவுதான், இவருடைய இரண்டாவது அவருக்கு மூன்றாவதாகிவிடும். இருவரும் வேறு வேறு குழாயை மனதில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியச் சண்டை போட்டு, கடைசியில் இருவர் சொன்னதும் சரிதான் என்று தெரிந்து அசடு வழிவார்கள்.

இதற்குப் பேர்க்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் எண்ணினாலும் மாறாதவர்கள் சொந்தக்காரர்கள்தானே? தன் வீட்டு ஆட்களையே குழாய்களுக்குப் பேராக வைத்தார். இரண்டு பெரிய கிளைகளுக்கு நடுவே, சிலருக்கு மட்டும், யாரும் அழைக்காமல் வந்து நிற்கும் குழாய் மாமனார். ஆர்ப்பாட்டமாகக் கிளம்பிப் பாதியிலேயே காணாமல் போவது சகலை. வளைந்து நெளிந்து அடுத்தவர் எல்லைக்குள் தலை நீட்டுவது சின்ன அத்தை. அறிக்கையில் முறையான பேர்தான் போகும். அறைக்குள் மட்டும் இந்தப் பேச்சு.

"சின்ன அத்தை எப்படி இருக்காங்க?" என்பார் டாக்டர்.

"லேசா கால்சியம் படிஞ்சிருக்கு டாக்டர். மத்தபடி ஓட்டம் குறையல."

சண்டை ஓய்ந்தது. குட்டு உடைந்தது ஒரு நர்ஸால். ஒருநாள் பேர்க்காரர் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் சின்ன அத்தை என்று தெரிந்ததும், "அட, படத்துல பாக்குற மாதிரியே இருக்கீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

நியாயமாக அத்தைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போய்ச் சொந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். சகலை போன் பண்ணி, தன் பேரை இன்னும் நல்ல இடமாகப் பார்த்து வைக்கக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார். மாமனார் தினமும் காலையில், "நேத்து எத்தனை பேருக்கு நான் இருந்தேன் மாப்ளே?" என்று விசாரித்தார்.

மனைவி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் எது?"

இத்தனை வருஷத்தில் அந்த நினைப்பே அவருக்கு வந்ததில்லை. மனுஷன் அதையாவது மறைத்திருக்கலாம். "உன்னை விட்டுட்டேன் போல" என்றார்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு வரும், சட்டை தேய்த்து வரும், வார்த்தை வராது. அவசர அவசரமாக ஒரு குழாய்க்கு அவள் பேரைச் சூட்டிவிட்டு வந்து சொன்னார். கேட்டு வாங்குவதெல்லாம் ஒரு பேரா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நன்றாக வேண்டும் அவருக்கு.

இந்த லட்சணத்தில், மாடிப்படி ஏறும்போது அவருக்கே நெஞ்சை அழுத்தியது. மணிக்கட்டு வழியாகச் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். படத்தைக் காட்ட, பேர்க்காரரின் மனைவியை மட்டும்தான் டாக்டர் அழைத்தார். கதவு திறந்ததும் குடும்பமே உள்ளே வந்துவிட்டது.

சக்கர நாற்காலியில் இருந்த பேர்க்காரரைத் தாண்டிப்போய், மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் தன்னைத் தேடினார். "இதுல நான் எங்க மாப்ளே?"

"எனக்கு அந்தக் குழாய் இல்ல மாமா. நிறைய பேருக்கு இருக்காது."

"பொண்ணையே குடுத்திருக்கேன், உங்க நெஞ்சுல எனக்கு இடமில்லையா? சகலை இருக்காரா?"

"இருக்காரு."

மாமனார் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க" என்றார் டாக்டர். "வலது பக்கப் பெரிய குழாய் முழுசா அடைச்சிருக்கு. எப்ப அடைச்சுதுன்னே தெரியல. நியாயமா இவரு இப்படி உக்காந்து பேசிட்டு இருக்கக் கூடாது."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் படத்தை மெதுவாக ஓட்டினார். இடது பக்கத்திலிருந்து நூல் நூலாக என்னவோ குறுக்கே கடந்து, அடைபட்ட பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோனது. "பெரிசு படுத்ததும் இதுங்க தானா வழி பண்ணிக்கிட்டு வேலை பாத்திருக்கு. இவ்வளவு நாளா உயிரைப் பிடிச்சு வச்சது இதுதான். அடைப்பைச் சரி பண்ணிடலாம், பயப்படாதீங்க."

"அதுக்கு என்ன பேரு?" என்று மனைவி கேட்டாள். டாக்டரிடம் இல்லை, அவரிடம்.

பேர்க்காரர் எத்தனையோ பேர் நெஞ்சில் அவற்றைப் பார்த்திருக்கிறார், பேர் ஒட்டாமல் தாண்டிப் போயிருக்கிறார். "அதுக்குன்னு தனியா பேரு கிடையாது" என்றார். உடனே அவசரமாக, "இதுக்கு உன் பேரை..."

"எது, எது? உயிரைக் காப்பாத்துனதா?" என்று பின்னாலிருந்து சின்ன அத்தை கழுத்தை நீட்டினார்.

மனைவி சட்டென்று கணவர் வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணும் வைக்க வேணாம்" என்று காதோடு சொன்னாள். "பேரு வச்சீங்கன்னா அடுத்த நிமிஷம் உங்க அத்தை தனக்குக் கேப்பாங்க. அது பாட்டுக்கு வேலையைப் பாக்கட்டும்."