தேசப்பன் வீட்டு டபுள் பேஸ்

பழவேற்காட்டில் தேசப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. படகுத் தச்சன். அவன் கை பட்ட படகில் சொட்டுத் தண்ணீர் ஏறாது என்று ஏரிக்கரையில் எல்லோரும் சொல்வார்கள். அவனும் சொல்வான், கொஞ்சம் கூடுதலாகவே சொல்வான். அப்பேர்ப்பட்டவன் சொந்த மாமனாரின் டபுள் பேஸைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, யார் முகத்திலும் முழிக்க முடியாமல் படகு செய்யும் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தான். பாவம், அவன் நேரம் அப்படி.

டபுள் பேஸ் என்றால் ஆளுயர வயலின். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். மாமனார் சின்னதுரை மெட்ராஸில் கல்யாண பேண்டிலும் சினிமா ஸ்டுடியோவிலும் அதை வாசித்தே மகள் மேரியை வளர்த்தவர். அந்த மகள் போயும் போயும் மாதா கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத ஒரு படகுத் தச்சனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான், மருமகனிடம் மனுஷன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவர் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஸ்டுடியோவிலும் கூப்பிடுவதில்லை. மேரிக்குத் தலைப்பிரசவம். "அம்மாதான் இல்ல, நீயாவது எங்கூட இரு நைனா" என்று அவள் அழுத அழுகையில், வீறாப்பையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

பேஸை பஸ்ஸில் ஏற்ற முடியாது. மெட்ராஸிலிருந்து கால்வாய் வழியாகச் சரக்குப் படகில் கொண்டுவருகிறேன் என்று தேசப்பன் தானாக முன்வந்தான். நல்ல பெயர் வாங்க அதைவிட நல்ல வழி ஏது? சரக்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தால் மாமனாரையே படுக்க வைத்த மாதிரி இருக்கும் என்று மரியாதை பார்த்து, நிமிர்த்தி நிற்கவைத்துக் கட்டினான். வழியில் ஒரு தாழ்ந்த பாலம். படகில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்தார்கள். பேஸ் எங்கே குனியும்? கழுத்து முறிந்து கால்வாயில் விழுந்தது. இழுத்துப் போடுவதற்குள் பசை ஊறி, மூட்டு மூட்டாகக் கழன்றுவிட்டது.

சின்னதுரை அந்தப் பலகைக் கட்டைப் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட தேசப்பனுக்குச் சோறு இறங்கியிருக்கும். மகளிடம் மட்டும், "நான் ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்குப் போறேம்மா. ஊட்டுக்காரன்கிட்ட சொல்லிடு" என்றார்.

"மெட்ராஸ்ல ஊடு ஏது நைனா? எங்க போய் இருப்ப?"

"எங்கனா இருப்பேன்."

மேரி கொட்டகை வாசலில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது, முகம் வீங்கியிருந்தது. "எனக்கு எங்க நைனா வேணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் அவனுக்கு இருப்புக் கொள்ளுமா?

நிழலில் பலகைகளைக் காயவைத்தான். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிறு சுற்றி இறுக்கினான். முறிந்த கழுத்துக்குள் தேக்கு ஆப்பு வைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். படகுக்காரன் புத்தி சும்மா விடுமா? படகுக்குச் செய்கிற மாதிரி மூட்டுக்கெல்லாம் பஞ்சுத் திரி அடைத்துக் குங்கிலியம் பூசினான். தண்ணீரிலிருந்து தூக்கியபோதே பேஸின் வயிற்றுக்குள் ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஒரு குச்சி உருண்டுகொண்டு கிடந்தது. படகுக்குள் எதுவும் கட்டாமல் கிடந்தால் அவனுக்கு ஆகாது. குப்பை என்று எடுத்து வஜ்ஜிரம் காய்ச்சிய அடுப்பிலேயே செருகிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் நரம்புகளைப் பூட்டி, மேரியை விட்டு மாமனாரைக் கூப்பிட்டான். "இனிமே ஆத்துல போட்டாலும் தண்ணி ஏறாதுன்னு சொல்லு மேரி" என்று பெருமை வேறு.

சின்னதுரை நின்றார், வில்லை இழுத்தார். கம்பளிக்குள் முகத்தை வைத்துப் பேசுகிறமாதிரி ஒரு சத்தம். மறுபடியும் இழுத்தார், அதே சத்தம்தான். வில்லை மெதுவாக வைத்துவிட்டு, "அவரு உழைச்சது தெரியுதும்மா. ஆனா இது அது இல்ல" என்று டிரங்குப் பெட்டியைத் துடைக்கப் போனார்.

தேசப்பன் பேஸைச் சுற்றிச் சுற்றி வந்தான். நரம்புகளைத் தாங்கி நிற்கும் மரக்கட்டைக்குக் கீழே மேல்பலகை லேசாக உள்வாங்கியிருந்தது. பாய்மரம் நிற்கிற இடத்தில் அடியில் முட்டு இல்லாவிட்டால் படகும் இப்படித்தான் உள்வாங்கும் என்று நினைத்தான். நினைத்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குச்சி.

நேரே போய் மாமனாரின் எதிரில் நின்றான். மேரியை நடுவில் வைக்கவில்லை. "மாமா, இதுக்குள்ள ஒரு குச்சி இருந்திச்சு. குப்பன்னு நெனச்சி நான்தான் அடுப்புல வெச்சிட்டேன்."

சின்னதுரை அவனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "குச்சியா? இத்தினி வருசமா கட்டிப் புடிச்சிக்கினு வாசிக்கிறேன், உள்ள குச்சி இருக்கிறது எனக்கே தெரியாதே."

தேயிலை வந்த தேவதாருப் பெட்டியில் நேர் ரேகையாக ஒரு துண்டைப் பிளந்து, விரல் கனத்துக்குச் செதுக்கினான். மேல்பலகைத் துளை வழியாக வளைந்த கம்பியால் அதை உள்ளே நிற்கவைக்க வேண்டும், ஒட்டாமல், இறுக்கம் ஒன்றிலேயே. நின்றது, விழுந்தது. அன்று முழுக்க அதே கதை. ஞாயிற்றுக்கிழமை விடிந்து சின்னதுரை சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோதும் அவன் தரையில் முட்டிபோட்டுக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பேஸின் முதுகில் காதை வைத்தார்.

"தட்டச் சொல்லு" என்றார் மேரியிடம்.

தேசப்பன் குச்சியைக் கம்பியால் தட்டினான்.

"எம்பக்கம் நவுத்தச் சொல்லு." நகர்த்தினான். அவர் நரம்பை முறுக்கிச் சுண்டினார். "ஊம். இன்னும் கொஞ்சம்." தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முறுக்கினார். அவருக்கு வியர்த்தது, இஸ்திரிச் சட்டை கசங்கியது. அடுப்பு வேலை இருக்கிறது என்று மேரி எழுந்து போனதுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"போதும், போதும், அங்கியே உடு மாப்ளே."

எழுந்து வில்லை இழுத்தார். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே உள்ளங்காலுக்கு வந்தது. அடுப்படியில் மேரி அப்படியே நின்றாள். கரைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள். சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார். அதற்கு நடுவில் தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, போனது.

வெகுநேரம் கழித்துத்தான் வில்லை இறக்கினார். "குங்கிலியத்த மட்டும் அப்புறமா சொரண்டிடு. இத்த வெக்கிறதுக்கு ஈரம் படாத எடமா ஒண்ணு காட்டு" என்றார், நேராக மருமகன் முகத்தைப் பார்த்து.

தேசப்பன் அழுதுவிடுவோமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினான். ஏரிக்காற்று வீசும் அந்த வீட்டில் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவனும் மேரியும் படுக்கிற மூலை. அவன் திரும்புவதற்குள் மேரி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.