செத்தவீட்டுக் காலத்தில் ஒரு சிரிப்புப் படம்

அம்மா இறந்த மாதத்தில் ஒவ்வொரு மத்தியானமும் நான் ஒரு சிரிப்புப் படத்துக்கு முன்னால் இருந்தேன். ஆசைப்பட்டு இருக்கவில்லை. என் வேலை அப்படி.

இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாக் கோட்டைப் பக்கத்து மாடிவீடு ஒன்றில் வயதான அம்மையார் ஒருவரைப் பராமரிக்கிறேன். சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அதற்கு முன் கோடைக்குக் கோடை மொண்டெல்லோக் கடற்கரை ஹோட்டல்களில் கோப்பை கழுவினேன். அங்கே இடுப்புப் போனது, இங்கே முழங்கால் போகிறது. சின்யோராவுக்கு மறதி நோய். மகளின் பெயர் மறந்துவிட்டது. என்னைச் சில நாள் மருத்துவத் தாதி என்பார், சில நாள் வீட்டுக்கு வந்த திருடி என்பார். ஒரு படம் மட்டும் மறக்கவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கர்கள் எடுத்த, பாட்டும் ஆட்டமுமான கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்கப் படை இந்த ஊருக்குள் வந்ததற்குப் பிறகு, சிறுமியாகத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்தாராம். ஊருக்குக் குண்டு போட்டவர்களும் அவர்கள்தான், பிறகு வந்து சிரிப்புக் காட்டியவர்களும் அவர்கள்தான். குண்டு மறந்துபோனது, படம் நிற்கிறது.

மகள் எங்கேயோ தேடி அந்தப் படத்தை வாங்கி வைத்திருந்தார். அது ஓடினால்தான் சின்யோரா வாய் திறப்பார். ஒரு பாட்டுக்கு நாலு கரண்டி சூப் இறங்கும். அடுத்து வரப்போவதைப் படத்துக்கு முன்னமே அவர் சொல்லிவிடுவார். "பார், இப்ப கதவு திறக்கும்" என்பார். கதவு திறக்கும். அன்றைய நாளில் அவர் சரியாகச் சொல்வது அது ஒன்றுதான்.

மேடையில் ஓடிய நாடகத்தைத்தான் படமாக்கினார்களாம். அதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. முழுக் கதையும் ஒரே ஹோட்டல் மண்டபத்தில் நடக்கிறது. லீவில் வந்த சிப்பாய், அவனைக் கல்யாணம் கட்ட நிற்கும் பெண், பயந்தாங்கொள்ளிச் சமையல்காரன் என்று வருகிறவர் எல்லாம் ஒரு பாட்டோடுதான் வருகிறார்கள், எங்கள் மன்னார்க் கூத்தின் வரவுப் பாட்டுப் போல. ஒருவரும் சாவதில்லை. யுத்தமாம், ஆனால் சிப்பாயின் சப்பாத்து முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. எங்கள் யுத்தத்தில் ஒருத்தரும் ஆடி நான் பார்க்கவில்லை.

ஒரு காலையில் தங்கச்சி மன்னாரிலிருந்து போன் எடுத்தாள். "அக்கா, அம்மா எங்களை விட்டுப் போயிட்டா. வெயில் கடுமை, வச்சிருக்கேலாது. நாளைக்கே அடக்கம்." எந்த விமானம் ஏறினாலும் நான் போய்ச் சேர முன் மண் மூடிவிடுவார்கள். போனில்தான் பார்த்தேன். பெட்டியைத் தூக்கும் இடத்தில் படம் இறுகி நின்றுவிட்டது.

செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை எங்கள் வீட்டில் பாட்டுப் போடமாட்டோம், படம் பார்க்கமாட்டோம். நான் அம்மாவின் முகத்தில் முத்தம் கொடுக்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அம்மாவுக்குச் செய்ய எனக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு மாத மௌனம் மட்டும்தான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று இருந்தேன்.

அதனால் படத்தின் சத்தத்தை நிறுத்தினேன். வாய்கள் அசைந்தன, கால்கள் ஆடின. சின்யோரா உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. சூப் ஆறிப்போய்க் குசினிக்குத் திரும்பியது. மகள் வந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்தார், கண்ணும் கலங்கினார், பிறகு சொன்னார்: "எண்டாலும் அது ஒரு படம்தானே. அம்மா இப்பிடிச் சாப்பிடாமல் கிடந்தால் நான் அவவை முதியோர் இல்லத்திலைதான் விடவேணும்."

நல்ல மனுஷிதான். அவருக்குத் தன் தாய், எனக்கு என் தாய். இருக்கிற தாய்க்குத்தான் பசிக்கும். அன்று மத்தியானம் சத்தத்தைப் போட்டேன். என்னால் முடிந்த கள்ளம் ஒன்று செய்தேன்: கதிரையைத் திருப்பி, தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு ஊட்டினேன். பாட்டுக் காதில் விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய? மனதுக்குள் செபமாலை சொன்னேன், பாதியில் சிப்பாய்களின் தாளத்துக்கு அருள் நிறைந்த மரியே ஓடத் தொடங்கியது. அலுத்துப்போனேன். பஸ்ஸில் நின்று வந்த கால், நித்திரை இல்லாத கண், இதற்குள் கட்டுப்பாடு வேறு.

பூசைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. கரண்டியை நீட்டியபோது சின்யோராவின் மூக்குக்கண்ணாடியில் அந்த மண்டபம் தெரிந்தது, விரல்நக அளவில். தளபதிக்குப் பயந்த சமையல்காரன் மேசைக்கு அடியில் பூந்தான். பிறகு மேசை, விரிப்பு, அதன் மேல் தளபதியின் சாப்பாடு எல்லாம் கால் முளைத்து நடந்தன. தளபதி கையில் முள்ளுக்கரண்டியோடு தன் சாப்பாட்டின் பின்னால் போனார்.

நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை. வயிறு குலுங்க, சூப் மடியில் சிந்த, தெருவுக்குக் கேட்கச் சிரித்தேன். சின்யோராவும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.

பிறகு அது நிற்கவில்லை, அழுகையாக மாறியது. ஒரு மாதம்கூட உன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மேளம் அடங்கி, சிப்பாய் கதவடியில் விடைபெறும் மெல்லிய பாட்டுத் தொடங்கியிருந்தது.

அதற்குத்தான் அழுகிறேன் என்று சின்யோரா நினைத்துவிட்டார். என் முழங்காலில் கையை வைத்தார். அன்று நான் திருடி இல்லை.

"அழாதை, பிள்ளை," என்றார். "எனக்குத் தெரியும். முடிவிலை அவன் திரும்பி வருவான்."

வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று மன்னார் வீட்டு வாசலில் நானும் அம்மாவிடம் "போறன்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடாது என்பதால், எல்லோரையும் போல "போயிட்டு வாறன்" என்றுதான் சொன்னேன். கடைசி நாட்களில் அம்மா கட்டிலை வாசல் தெரியும்படி இழுத்துப் போடச் சொன்னாராம். தங்கச்சி பிறகுதான் சொன்னாள்.